மறையாக்கம் நீங்கும் விதம்

ஒரு தரவுத்தளத்தை மறையாக்கம் செய்து வைப்பது எப்படி என்று சொல்லுகிற புத்தகங்களுக்குக் குறைவில்லை. செய்து வைத்த மறையாக்கத்தை விலக்குவது எப்படி என்று சொல்லுகிறவை அபூர்வம். ரகசியத்தைக் காப்பது புண்ணியமென்றும், காவலை எடுப்பது ஏதோ அபசாரமென்றும் நம் மனத்தில் படிந்துவிட்டபடியால், பின்னதை ஒரு வித்தையாக மதித்துப் பயில ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் பெரிய கணினிக் கூடங்களில் இந்தக் காரியத்துக்கு அவசியம் நேருகிற சந்தர்ப்பங்கள் பல. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்கியூஎல் சர்வரையே எடுத்துக்கொள்வோம். தரவுத்தளத்தின் கோப்புகளை முழுவதுமாக மறையாக்கம் செய்யும் டிடிஇ என்ற வசதி அதன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் விலை மிகுந்த உயர் வகைகளில் மட்டுமே அது கிடைத்தபடியால், செலவைக் குறைக்க எண்ணி ஸ்டாண்டர்டு வகைக்கு இறங்கிவர விரும்பிய ஸ்தாபனம் முதலில் மறையாக்கத்தை விலக்கியாக வேண்டியிருந்தது. 2019-இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வட்டுச் சாதனமே தன் பங்குக்கு மறையாக்கம் செய்துகொள்ளும்போது இரட்டைக் காவல் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்பு மறையாக்கம் செய்த தளத்தின் பேக்கப் சுருங்க மறுத்தது ஆதலால், பேக்கப் கோப்புகள் பெருத்துக்கொண்டே போவதைக் கண்டு சலித்தவர்களும் இருந்தார்கள்.

தனிச் சர்வர் ஒன்றில் இந்தக் காரியத்தைச் செய்வது அவ்வளவு கஷ்டமல்ல. இரவில் நிறுத்தி, செய்து முடித்து, காலையில் திறந்து வைக்கலாம். நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது நிறுத்தவே கூடாது என்ற நிபந்தனையோடு ஓடுகிற கிளஸ்டரைப் பற்றி. எஸ்கியூஎல் சர்வரின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான ஆல்வேஸ் ஆன் அவைலபிலிட்டி குரூப் என்ற ஏற்பாட்டில், பிரதானமான சர்வர் ஒன்று எழுத்து வேலைகளையெல்லாம் ஏற்றுக்கொள்ள, துணைச் சர்வர்கள் அதே தரவுத்தளத்தின் பிரதிகளைத் தத்தம் வட்டுகளில் வைத்துக்கொண்டு, பிரதானம் விழுந்தால் அதன் இடத்தில் உட்காரத் தயாராக நிற்கின்றன. 99.999 சதவிகிதம் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்துவிட்டால், வருஷம் முழுவதற்கும் அனுமதிக்கப்படுகிற தடங்கல் ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இத்தகைய யந்திரக் கூட்டத்தில் ஓர் அமைப்பு என்பது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் வஸ்து அல்ல. அது பல வட்டுகளிலும், பல நினைவகங்களிலும், எப்போதோ எடுத்து வைத்த பேக்கப்களிலும் பரவிக் கிடக்கிறது. ஆகையால் அதை விலக்குவதும் ஓர் ஆணையோடு முடிகிற விஷயமாக இருப்பதில்லை.

முதலில் எது மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எஸ்கியூஎல் சர்வர் தன் தரவை 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் நினைவகத்திலிருந்து வட்டுக்கு இறங்கும்போது மறையாக்கம் பெறுகிறது; வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏறும்போது தெளிவெழுத்தாகத் திரும்புகிறது. நினைவகத்தில் இருக்கிற வரையில் அது யாவரும் படிக்கத்தக்க சாதாரணப் பக்கம்தான். எனவே வினா எழுப்புகிற பயனாளிக்கு டிடிஇ இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. வட்டையோ பேக்கப் கோப்பையோ களவாடிக்கொண்டு போகிறவனுக்கு மட்டுமே அது தெரியும். அனுமதி பெற்று உள்ளே நுழைந்தவன் செய்கிற துரோகத்தை அது தடுக்காது என்பதை, அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பல சமயங்களில் மறந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பயன்படும் முறைகளில் பிரதானமானது ஏஇஎஸ். அமெரிக்க அரசின் தர நிர்ணய ஸ்தாபனம் 1997-இல் உலகத்துக்கு விடுத்த அழைப்பை ஏற்று வந்த 15 முறைகளிலிருந்து, பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் வகுத்தது தேர்வு பெற்று, 2001-இல் தரமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அது 16 பைட்டுகளை ஒரு கட்டமாக எடுத்துக் கலக்குகிறது. அந்தக் கணக்குப்படி ஒரு பக்கத்தில் 512 கட்டங்கள். கலக்கும் விதம் பகிரங்கமானது. விரும்புகிற எவரும் படித்துப் பார்க்கலாம். ரகசியம் முழுவதும் சாவியில் இருக்க வேண்டுமே தவிர முறையில் இருக்கலாகாது என்று ஆகுஸ்த் கெர்க்ஹோப்ஸ் 1883-இல் இராணுவ மறைமொழிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் விதித்த சித்தாந்தம் இன்றும் மாறவில்லை. அதன் இன்னொரு முகம் என்னவென்றால், சாவி போனால் சகலமும் போயிற்று என்பது.

அந்தச் சாவி தனியாக நிற்பதில்லை. பக்கங்களை மறைக்கிற சாவி தரவுத்தளத்தின் உள்ளேயே, அதன் துவக்கப் பதிவேட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதுவும் மறைக்கப்பட்ட நிலையில். அதைத் திறப்பது ஒரு சான்றிதழின் தனிச்சாவி. சான்றிதழ் இருப்பது தரவுத்தளத்தில் அல்ல, சர்வரின் மாஸ்டர் என்ற அமைப்புத் தளத்தில். மாஸ்டர் தளத்துச் சாவி அதைக் காக்க, அதைச் சர்வரின் மூலச்சாவி காக்க, அந்த மூலச்சாவியை விண்டோஸ் காக்கிறது. இந்தப் பரம்பரையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: தரவுத்தளம் துணைச் சர்வர்களுக்குத் தானாகப் பிரதியாகிறது; சான்றிதழ் அவ்விதம் ஆவதில்லை. மறையாக்கத்தைத் துவக்கிய நிர்வாகி, சான்றிதழையும் அதன் தனிச்சாவியையும் கோப்புகளாக எடுத்து, ஒவ்வொரு துணைச் சர்வருக்கும் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் தன் கையால் நிறுவியிருப்பார். கையால் வைத்ததைக் கையால்தான் எடுக்க வேண்டும். எப்போது எடுப்பது என்பதில்தான் விபரீதங்கள் விளைகின்றன.

இனி, பிரதிகள் ஒன்றுபோல் இருப்பது எவ்வாறு என்று பார்க்க வேண்டும். தரவில் எந்த மாறுதல் செய்வதானாலும், மாறுதலை முதலில் லாக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகே பக்கத்தை வட்டில் எழுத வேண்டும் என்பது இத்தகைய மென்பொருள்களின் அடிப்படை விதி. இதை ஒழுங்கான சாஸ்திரமாக வகுத்தது ஏரிஸ் என்ற முறை. ஐபிஎம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்டது. மோகன் சென்னை ஐஐடியில் பயின்று, டெக்சாஸில் டாக்டர் பட்டம் பெற்றவர். எஸ்கியூஎல் சர்வரின் மீட்சிமுறை இந்த ஏரிஸைப் பின்பற்றியதே. பழைய மண்டிக் கடைகளின் கணக்குப்பிள்ளை அன்றன்றைக்குச் சிட்டையில் எழுதிப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதும், தவறான வரியைச் சுரண்டி அழிக்காமல் அதற்கு எதிர்ப்பதிவு ஒன்று எழுதி நேர்செய்வதும் எப்படியோ, அப்படியே இந்த முறையிலும் ஒரு காரியத்தை ரத்துச் செய்வதே மற்றொரு காரியமாக லாக்கில் பதிவாகிறது. ஏரிஸின் நுட்பங்களில் எனக்கு மிகவும் உவப்பானது இதுதான். பின்னோக்கிச் செல்லுவது என்ற ஒன்றே அதில் கிடையாது. விலக்குவதும், திருத்துவதும், கைவிடுவதும் எல்லாம் முன்னோக்கி எழுதப்படும் புதிய வரிகளே.

துணைச் சர்வர்கள் செய்வதெல்லாம் பிரதானத்தின் லாக்கை இடைவிடாமல் வாங்கித் தம் வட்டில் பதித்து, அதில் கண்டபடி தம் பக்கங்களை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். ஆகவே பிரதானத்தில் மறையாக்கத்தை விலக்கினால் அந்தச் செய்தியும் லாக் வழியாகவே ஓடிப் பிரதிகளைச் சென்றடைகிறது. ஆணை பிரதானத்தில் மட்டும் பிறப்பிக்கப்படுகிறது; துணைகளில் தனித்து அதைப் பிறப்பிக்க வழியும் இல்லை, அவசியமும் இல்லை.

அந்த ஆணை மிகவும் சிறியது: தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லி, 'செட் என்கிரிப்ஷன் ஆஃப்' என்று முடிகிற ஒற்றை வரி. பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் அது ஏற்கப்படாது. பேக்கப் முடிகிற வரையில் காத்திருக்க வேண்டும். ஏற்கப்பட்டவுடன் ஒரு கணத்தில் திரும்பி வந்துவிடும். அனுபவமில்லாதவர் வேலை முடிந்தது என்று எழுந்து போவது இந்த இடத்தில்தான். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பின்னணியில் ஒரு துருவல் புறப்பட்டு, மறைந்த பக்கங்களை ஒவ்வொன்றாக நினைவகத்துக்கு ஏற்றி, தெளிவெழுத்தாக வட்டில் இறக்குகிறது. ஒரு டெராபைட் தளமானால் பக்கங்கள் 13 கோடியே 42 லட்சத்துக்கு மேல். வினாடிக்கு 200 மெகாபைட் வீதம் தடையின்றி ஓடினாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பகல் நேரத்து வேலைகளுக்கு நடுவே அந்த வேகம் கிடைப்பது அரிது. இடைப்பட்ட காலத்தில் தளத்தின் ஒரு பகுதி மறைவாகவும் மறு பகுதி வெளிப்படையாகவும் இருந்தும், வருகிற வினாக்களுக்கு விடை தவறாமல் கிடைத்துக்கொண்டிருக்கிறது. சர்வர் இரண்டையும் இனம் கண்டு படிக்கிறது. தளத்தை ஆஃப்லைனுக்குக் கொண்டுபோவது, பிரித்தெடுப்பது, அதிலிருந்து ஒரு கோப்பை நீக்குவது போன்ற சில செயல்கள் மாத்திரம் அதுவரையில் மறுக்கப்படும்.

முன்னேற்றத்தைக் காண ஒரு காட்சிப் பட்டியல் இருக்கிறது. அதில் தரவுத்தளத்தின் நிலை ஓர் எண்ணாகத் தெரியும்: 3 என்றால் மறையாக்கம் முழுமை, 5 என்றால் விலக்கம் நடந்துகொண்டிருக்கிறது, 1 என்றால் விலகியாயிற்று. பக்கத்தில் இத்தனை சதவிகிதம் என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் ஒரு விநோதம்: மாறுதல் எதுவும் நடவாதபோது அது 0 என்றே காட்டும். 97, 98 என்று ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று 0 ஆனதைக் கண்டு, எல்லாம் பாழாகி முதலிலிருந்து துவங்கிவிட்டதோ என்று நடு இரவில் பதறியவர்களை நான் அறிவேன். நிலை எண் 1 ஆகியிருக்கிறதா என்று இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

துருவல் நடக்கையில் கிளஸ்டருக்குச் சுமை இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. பிரதானத்தின் வட்டு, படிப்பதும் எழுதுவதுமாக மூச்சுவாங்குவது ஒன்று. மற்றொன்று அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாதது. நேரிணைவு முறையில் கட்டப்பட்ட துணைச் சர்வர் லாக்கை வட்டில் பதித்துவிட்டேன் என்று சொன்ன மாத்திரத்தில் பிரதானம் தன் பயனாளிக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறது. அந்த லாக்கைப் பக்கங்களில் ஏற்றி முடித்தாயா என்று அது கேட்பதில்லை. எனவே ஏற்ற வேண்டிய பாக்கி துணையில் குவிந்துகொண்டே போகலாம். தரவு ஒரு துளியும் இழக்கப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தச் சமயத்தில் பிரதானம் விழுந்தால், துணை அந்தப் பாக்கியை முழுதும் தீர்த்த பிறகே கதவைத் திறக்கும். வருஷத்துக்கு ஐந்து நிமிஷம் என்று சொன்ன ஸ்தாபனத்துக்கு அந்த ஒரு தாமதமே முழு வருஷத்தின் கணக்கையும் தின்றுவிடப் போதுமானது. இதனால்தான், துருவலை இடையில் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் ஆணைகள் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டபோது நிர்வாகிகள் மகிழ்ந்தார்கள். அதற்கு முன்பு அவர்களுக்கு இருந்த உபாயம் 5004 என்ற எண்ணுள்ள டிரேஸ் கொடி ஒன்றே.

நிலை 1 ஆன பிறகு, பக்கச் சாவியை நீக்கும் ஆணையைப் பிறப்பிக்கலாம். பிறப்பித்தால் பட்டியலிலிருந்து அந்த வரியே மறைந்துவிடும். அவசரக்காரர்கள் அதே மூச்சில் சான்றிதழையும் நீக்குவார்கள். இங்கேதான் கிளஸ்டர் தன் ஞாபகசக்தியைக் காட்டுகிறது. துருவியது தரவுப் பக்கங்களை மட்டுமே. லாக் கோப்பை யாரும் துருவவில்லை. மறையாக்கம் இயங்கிய காலத்தில் எழுதப்பட்ட லாக் பகுதிகள் மறைந்தபடியே கிடக்கின்றன. லாக் கோப்பு உள்ளே பல துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது மேலெழுதப்படுகிறது. அந்த முறை வரும்வரையில் பழைய துண்டு பழைய சான்றிதழையே கேட்கும். சான்றிதழ் இல்லாத வேறொரு சர்வரில் இந்தத் தளத்தின் பேக்கப்பை மீட்கப் போனவர், மறையாக்கம் நீங்கிவிட்டது என்று பட்டியல் சொன்னதை நம்பியே போவார். அங்கே 33111 என்ற எண்ணுடன், இன்ன கைநாட்டு, அதாவது அடையாள எண், உள்ள சான்றிதழைக் காணவில்லை என்ற பிழைச் செய்தி அவரை எதிர்கொள்ளும்.

தனிச் சர்வரானால் இதற்குப் பரிகாரம் சுலபம். மீட்பு முறையை 'சிம்பிள்' என்பதற்கு மாற்றினால் லாக் தானே காலியாகும். பிறகு பழையபடி 'ஃபுல்' என்பதற்குத் திருப்பி, ஒரு முழு பேக்கப் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் அவைலபிலிட்டி குரூப்பில் இருக்கிற தளத்துக்கு 'ஃபுல்' முறை கட்டாயம். அதை மாற்ற வேண்டுமானால் தளத்தைக் குழுவிலிருந்தே விலக்கி, துணைகளின் பிரதிகளைக் கைவிட்டு, மறுபடி ஆதியிலிருந்து கட்ட வேண்டும். இடைவிடாத சேவைக்காக அமைத்த ஏற்பாட்டை ஓர் அமைப்பைத் துடைப்பதற்காகப் பிரித்துப் போடுவது மதியீனம் என்பது என் அபிப்பிராயம். மாற்று வழி பொறுமைதான். வழக்கமான லாக் பேக்கப்களை எடுத்துக்கொண்டே, தளத்தின் அன்றாட வேலை லாக்கை ஒரு முழுச் சுற்று சுழற்றும்வரையில் காத்திருக்க வேண்டும். துணைச் சர்வர் ஒன்று தொடர்பறுந்து கிடந்தால், அது இன்னும் பெறாத லாக்கைப் பிரதானம் விடாமல் பிடித்து வைத்திருக்கும்; ஆகவே சுற்று நகராமல் நிற்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது துணைகளின் ஆரோக்கியத்தை. 2019 முதல் லாக் துண்டுகளைக் காட்டும் பட்டியலில், ஒவ்வொன்றும் எந்தச் சான்றிதழின் கைநாட்டோடு எழுதப்பட்டது என்ற பத்தியும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பத்தி மேலிருந்து கீழ்வரை வெறுமையானால் லாக் சுத்தம்; 40 இலக்கம் கொண்ட அந்த நீளமான எண் ஒரே ஒரு வரியில் தென்பட்டாலும் இன்னும் காலம் வரவில்லை.

இரண்டாவது மிச்சம் டெம்ப்டிபி. சர்வரில் ஏதேனும் ஒரு தளம் மறையாக்கம் பெற்றவுடன், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான இந்தத் தற்காலிகத் தளமும் கூடவே மறையாக்கம் பெற்றுவிடுகிறது. மறைந்த தளத்தின் தரவு அங்கே வழிந்து தெளிவெழுத்தாக வட்டில் விழக்கூடாதல்லவா? ஆனால் அந்தத் தளம் விலகிக்கொண்ட பின்பும் டெம்ப்டிபி விலகுவதில்லை. சர்வர் மறுபடி துவங்கும்போதுதான் அது புதிதாகப் பிறக்கிறது. கிளஸ்டரில் எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்த முடியாது. துணைகளை ஒவ்வொன்றாகத் துவக்கி, நேரிணைவு திரும்பியதை உறுதிசெய்து, தலைமையை அவற்றில் ஒன்றுக்குக் கைமாற்றி, பிறகு பழைய பிரதானத்தைத் துவக்குவது வழக்கம். பாதுகாப்புத் திருத்தங்களைப் போடும் மாதாந்தர நாளில் இதே வரிசை எப்படியும் நடக்கிறதாகையால், தனியாக ஒரு நாளை இதற்கென்று ஒதுக்க வேண்டியதில்லை.

சர்வர்களுக்கு இடையே லாக் ஓடுகிற பாதையில் நடக்கும் மறையாக்கம் வேறு. வட்டில் நடப்பதை விலக்கினால் அதுவும் விலகிவிடும் என்று எண்ணுவது பிழை. அது இணைப்பு முனையின் அமைப்பு. அதைத் தொடுவதற்கு இங்கே முகாந்திரமே இல்லை. தொட்டவர்கள், ஒரு முனை கட்டாயம் என்றும் மறு முனை கூடாது என்றும் நின்று, பிரதிகளின் தொடர்பே அறுந்துபோகக் கண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பேக்கப்கள். விலக்கம் முடிந்ததும் புதிய முழு பேக்கப் எடுப்பது நியாயம். லாக் சுற்று முடிந்த பிறகு இன்னொன்று எடுத்தால் இன்னும் உத்தமம். ஆனால் நேற்றும், போன மாதமும், மூன்று வருஷத்துக்கு முன்னும் எடுத்தவை மறைந்த நிலையிலேயே பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றை எந்த ஆணையும் எட்டித் தொட முடியாது. கணக்குகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று கட்டுப்பட்ட ஸ்தாபனம், அந்தச் சான்றிதழையும் தனிச்சாவிக் கோப்பையும் கோப்பின் கடவுச்சொல்லையும் ஏழு வருஷம் வைத்திருக்கக் கடமைப்பட்டது. சான்றிதழின் மேல் எழுதியிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேறு தேதி குறிப்பிடாமல் படைத்தால் அது ஒரு வருஷத்தில் காலாவதியாகும் என்று எழுதியிருக்கும், டிடிஇ அதைப் பொருட்படுத்துவதில்லை.

சர்வர் இந்த விஷயத்தில் அளிக்கும் உதவி சொற்பமே. பக்கச் சாவி ஒன்று இன்னும் சார்ந்து நிற்கிற சான்றிதழை நீக்க முயன்றால் அது மறுத்துவிடும். பக்கச் சாவி போனபின் அதன் பார்வையில் சான்றிதழுக்கு வேலை எதுவும் இல்லை. பெட்டகத்தில் இருக்கும் பேக்கப்களை அது அறியாது, ஆகவே நீக்கு என்றால் நீக்கிவிடும். அறிந்த நிர்வாகிகள் இதற்காக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுகிறார்கள்: பேக்கப்பின் தேதி, அதற்குரிய சான்றிதழின் கைநாட்டு, அதை அழிக்கலாகும் நாள். எடுத்து வைத்த சான்றிதழ்க் கோப்பைக் கொண்டு பழைய பேக்கப் ஒன்றை ஒதுக்கமான ஒரு சர்வரில் மீட்டுப் பார்த்து, கடவுச்சொல் சரிதானா என்பதை, அதை வைத்தவர் உத்தியோகத்தில் இருக்கும்போதே சோதித்துக்கொள்ளுகிறார்கள். வரிகள் ஒவ்வொன்றாக அடிபட்டு, அந்தக் கைநாட்டுள்ள கடைசி பேக்கப்பும் கழிந்த நாளில், பிரதானத்திலும் துணைகளிலும் தனித்தனியே நுழைந்து சான்றிதழை நீக்குகிறார்கள்.